கதவு நிலையும் மிலாறுக் கட்டும்

கேள்வி: ஐயா, நாங்கள் பண்டாரவளைக்குக் கிட்ட இருக்கிறோம். தோட்டத்தில் கொடுத்த ஏழு பேர்ச்சஸ் காணியில் ஐந்து வருசத்துக்கு முன்பு வீடு கட்டிக் குடிவந்தோம். மாசி மாதம் முன்கதவு நிலையில் கறையான் மண்கோடு ஏறியது. டவுனில் ஒரு கடையில் சொன்னேன். பெயர் ஒட்டாத வெள்ளைப் போத்தல் ஒன்றைத் தந்து, ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி என்றார்கள். நிலையடியில் ஊற்றினேன். மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. இப்போது குசினிப் பக்கம் கிளம்பியிருக்கிறது. முன்னறை யன்னலுக்குக் கீழே வேறு ஏதோ தூளும் கொட்டுகிறது. பின்னால் கொஞ்சம் போஞ்சி போட்டிருக்கிறேன். கம்புகளை அரித்துவிட்டு இப்போது செடியிலும் கை வைத்துவிட்டது, சில கன்றுகள் வாடுகின்றன. வேலியோரத்துப் பழைய தேயிலையிலும் வாது ஒடிந்து விழுகிறது. அந்த மருந்தையே இரண்டு மூடியாகக் கலந்து வீட்டைச் சுற்றியும் போஞ்சிக்கும் ஊற்றலாமா? கறவை மாடு ஒன்று நிற்கிறது, அதற்குக் கெடுதல் வருமா?

பதில்: ஊற்ற வேண்டாம், தங்கச்சி. இரண்டு மூடியும் வேண்டாம், ஒரு மூடியும் வேண்டாம். அதில் என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விற்றவருக்குத் தெரிந்திருந்தால் பெயரை ஒட்டியிருப்பார். பெரிய கேனில் வாங்கிச் சின்னப் போத்தலில் பிரித்து விற்பது நம் பக்கத்து டவுன்களில் பலசரக்கு வியாபாரம் மாதிரி நடக்கிறது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து நாற்பது வருசம் தாண்டிவிட்டது. பதிவு இல்லாத மருந்தையும் லேபல் இல்லாத மருந்தையும் விற்க அதில் இடமே கிடையாது. இருந்தும் "நல்ல பவரான சாமான்" என்று சொல்லி மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். பவர் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. போஞ்சியை நீங்கள் இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஆய்ந்து சந்தைக்கு அனுப்புகிறீர்கள். அதன் வேரடியில் பெயர் தெரியாத விஷத்தை ஊற்றினால் எத்தனை நாள் காத்திருந்து ஆய வேண்டும் என்று எந்தப் போத்தலைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்? மாட்டுக்கும் அதே பதில்தான். அந்தத் தரையில் முளைக்கும் புல்லை அறுத்துப் போட்டால் விஷம் பாலுக்கு வராது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் வீட்டுக்குக் கீழே தண்ணீர் பிடிக்கும் பீலி இருக்கிறதா? மலைச்சரிவில் ஊற்றியது ஊற்றிய இடத்தில் நிற்காது. மழை பெய்தால் கானுக்குப் போகும், கானிலிருந்து கீழ் லயத்துக்காரர் குடம் வைக்கும் இடத்துக்குப் போகும். "வீட்டைச் சுற்றி" என்று நீங்கள் எழுதிய இரண்டு சொல்லைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பீலிதான்.

சரி, மூன்று மாதம் அடங்கியிருந்ததே, அது ஏன்? மண்ணில் வாழும் கறையானுக்குக் கூடு ஓரிடம், சாப்பாடு வேறிடம். உங்கள் நிலையில் நீங்கள் கண்டது வேலைக்கு வந்த ஆட்கள் மட்டும். ராணி எங்கேயோ பல அடி தள்ளி, மண்ணுக்குள்ளே முட்டை போட்டுக்கொண்டே இருக்கிறாள். சைப்பர்மெத்ரின், பைஃபென்த்ரின் போன்ற மருந்துகள் கறையானை விரட்டும் குணம் உள்ளவை. ஓரிடத்தில் மட்டும் ஊற்றினால் அது அந்த இடத்தை விலக்கிக்கொண்டு அடுத்த வெடிப்பைத் தேடும். முன்கதவில் அடைத்தீர்கள், குசினிப் பக்கம் வந்து நிற்கிறது. உங்கள் போத்தலிலும் அந்த ரகம்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அப்படியிருந்தால் இரண்டு மூடி ஊற்றினாலும் அது இன்னும் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரும்.

இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: இத்தனை கறையானுக்கு உங்கள் வீட்டடியில் சாப்பாடு எது? அந்த ஏழு பேர்ச்சஸ் முன்பு தேயிலை மலையாக இருந்த இடம். வீடு கட்டத் தரையை மட்டமாக்கும்போது தூரையெல்லாம் வேரோடு பிடுங்கினார்களா, மண்வெட்டியால் தட்டிவிட்டு மேலே மண்ணை நிரப்பினார்களா? நான் போய்ப் பார்த்த பல வீடுகளில் இரண்டாவதுதான் நடந்திருக்கிறது. அதோடு கொந்தராத்துக்காரர் விட்டுப்போன பலகைத் துண்டு, ஆப்பு, சீமெந்துக் கடதாசிப் பை எல்லாம் அத்திவாரப் பள்ளத்துக்குள்ளேயே கிடக்கும். அரிசி மூட்டையின் மேல் வீடு கட்டிவிட்டு எலி வருகிறதே என்று கேட்பது போல இருக்கிறது. வீட்டுக்கு அடியில் உள்ளதை இனித் தோண்ட முடியாது. சுற்றி மூன்றடி அகலத்துக்காவது தோண்டிப் பாருங்கள். தூர் அகப்பட்டால் எடுத்து அன்றைக்கே அடுப்பில் போடுங்கள்.

அடுப்பு என்றதும் விறகுக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தேயிலைக் கவ்வாத்து முடிந்ததும், வெட்டிப்போட்ட வாதுகளை மிலாறாகக் கட்டித் தலையில் சுமந்து வந்து எங்கே அடுக்குகிறோம்? நனையாமல் இருக்கக் கூரை இறக்கத்துக்குக் கீழே, பின் சுவரோடு ஒட்டி, வெறும் மண்ணில். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அடிக்கட்டு ஈரம் குடிக்கிறது, மேல்கட்டு வெளிச்சத்தை மறைக்கிறது. மேலேயிருந்து எடுத்து எரிக்கிறோம், அடியில் உள்ளது வருசக்கணக்கில் அசைவதே இல்லை. கறையானுக்கு ஈரம், இருட்டு, தீனி மூன்றும் வேண்டும். மூன்றையும் ஒரே இடத்தில் சுவரில் சாய்த்துக் கொடுக்கிறோம். மண்கோடு மிலாறுக்குப் பின்னால் ஏறுவதால் கண்ணிலும் படாது. குசினிப் பக்கம் கிளம்பியதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது அந்த அடுக்கைத்தான்.

என் வீட்டுக் கதையும் இதுதான். முன்பு ஒரு தடவை கறையான் பிடித்தபோது நானே ஆள் வைத்து மருந்து அடித்தேன், நல்ல காசு. வந்தவர்கள் தரையில் துளை போட்டார்கள், ஊற்றினார்கள், பில் எழுதினார்கள். பின்சுவரில் இருந்த விறகை நகர்த்தச் சொல்லி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எனக்கும் அப்போது புத்தி வரவில்லை. ஒரு வருசத்துக்குள் விறகுக்குப் பின்னாலேயே கோடு ஏறியது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் விறகு எங்கே என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. சிலர் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, பிளாக் கல்லை இரண்டு வரி வைத்து, குறுக்கே பழைய இரும்புக் குழாயைப் போடுங்கள். விறகு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் நிற்க வேண்டும். குனிந்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். கல்லில் கோடு ஏறினால் அன்றைக்கே கண்டுவிடுவீர்கள். மேலே தகரம். பழைய விறகை முன்னுக்குத் தள்ளி அதையே முதலில் எரியுங்கள். ஒரு கிழமைக்கு வேண்டியதை அடுப்புக்கு மேலே பரணில் போட்டால் புகையில் நன்றாகக் காயும். நம் பாட்டிமார் அப்படித்தான் செய்தார்கள், சீமெந்து வீடு வந்ததும் கரி பிடிக்கிறது என்று பரணை எடுத்துவிட்டோம். விறகு நகர்ந்தால் எலியும் நகரும். சுவரோரத்து விறகடுக்கு எலிக்கும் பூரானுக்கும் கரப்பானுக்கும் கட்டிக்கொடுத்த லயம் மாதிரி. எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் வருகிறது என்பதால், அடுக்கைக் கலைக்கும் நாளில் கையில் காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

முன்னறைத் தூளுக்கு வருகிறேன். அதை ஒரு வெள்ளைக் கடதாசியில் எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். ரவை மாதிரி கடினமாக, உருண்டு ஓடும் மணியாக இருந்தால் அது காய்ந்த மரக் கறையானின் எச்சம். கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். கோதுமை மா மாதிரி மெத்தென்று ஒட்டினால் அது கறையானே இல்லை, மரத்தைத் துளைக்கும் வண்டு. இரண்டுக்கும் மண்ணோடு சம்பந்தம் கிடையாது, மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். ஆகவே நீங்கள் தரையில் பீப்பாய் கணக்கில் ஊற்றினாலும் அந்த யன்னலில் உள்ளதற்கு ஒன்றும் ஆகாது. விலை குறைவென்று காயாத அல்பீசியாப் பலகையில் நிலை போட்டால் இப்படித்தான் வரும். கொஞ்ச இடம்தான் என்றால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து எரித்துவிட்டு, புதிதாகப் போடும் மரத்துக்குப் பெயின்ட் பூசுமுன்பே போராக்ஸ் கரைசல் பிடிக்க வையுங்கள். மழை படும் மரத்தில் போராக்ஸ் கழுவிப் போய்விடும், உள்பக்கத்துக்கு மட்டும் சரி. பிள்ளைகள் கையில் எட்டாமல் வையுங்கள்.

போஞ்சி விசயத்தில் கறையான் மேல் வீண்பழி போட்டுவிட்டீர்கள். கம்பைத் தின்றது அதுதான், சந்தேகமில்லை. செத்த மரம் அதன் தீனி. தண்ணீர் கிடைத்துப் பச்சையாக நிற்கும் போஞ்சிக் கன்றை அது பெரும்பாலும் தேடிப் போகாது. வாடிய கன்று ஒன்றைப் பிடுங்கி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். தடித்து வெடித்திருந்து, தோலை உரித்தால் கபில நிறத்தில் சின்னக் கூட்டுப்புழு இருந்தால் அது போஞ்சி ஈயின் வேலை. ஈ இளம் இலையில் முட்டை வைக்கிறது, புழு தண்டுக்குள்ளேயே கீழே இறங்குகிறது. செடி சாகத் தொடங்கிய பிறகுதான் கறையான் வந்து உட்காரும். செத்த வீட்டுக்குச் சாப்பிட வந்தவனைக் கொலைகாரன் என்று பிடிக்கக்கூடாது. மிச்சக் கன்றுகளுக்கு உடனே மண் அணையுங்கள். வெடிப்புக்கு மேலே புதுவேர் விட்டுச் சில தப்பும். அடுத்த போகத்தில் கம்புகளை அறுவடை முடிந்த கிழமையே பிடுங்கி, மண் தட்டி, வெயிலில் நிமிர்த்தி வையுங்கள். தரையில் கிடத்தாதீர்கள். கழிவு ஒயில் பூசுவது ஒரு பழக்கம். பூசிய மேல்தோல் வெடித்ததும் கறையான் உள்ளே போய்விடும், ஒயில் மட்டும் போஞ்சி மண்ணில் தங்கும்.

தேயிலையில் மட்டும் நான் சொன்னது தலைகீழ். மலைநாட்டில் பச்சைத் தேயிலையின் உயிர் மரத்தையே தின்னும் ஒரு கறையான் உண்டு. கவ்வாத்தில் விட்ட காய்ந்த முளை, கிழிந்த வெட்டு, செத்த வாது வழியாக உள்ளே போய், வைரத்தைக் குடைந்துகொண்டு கழுத்துக்கும் கீழே இறங்கும். வெளியே மண்கோடு தெரியாது, புற்று இருக்காது. கொழுந்து வந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் வாது மளுக்கென்று ஒடியும்போதுதான் உள்ளே கூடாக இருப்பது தெரியும். கூடே செடிக்குள் இருப்பதால் மண்ணில் ஊற்றுவது வீண் செலவு. ஒடிந்த இடத்தில் குடைவும் வெள்ளைப் பூச்சியும் இருந்தால் அந்தச் செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், அடுக்கி வைக்காதீர்கள். மற்றச் செடிகளில் செத்த முளைகளைச் சுத்தமாக வெட்டி எடுங்கள், கத்தி கூராக இருக்கட்டும். மேற்கொண்டு கேட்பதென்றால் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்காரரைக் கேளுங்கள், கடைக்காரரை அல்ல.

ஊற்றினால் தீரும் என்ற நம்பிக்கை நமக்குத் தோட்டத்திலிருந்தே வந்தது. 1930களில் தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழுவை அடக்க ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது வேலையைப் பார்த்தது. 1950களில் தேயிலை வாதைக் குடையும் துளை வண்டுக்கென்று டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். குளவி செத்தது, அடங்கியிருந்த புழு மலை மலையாகக் கிளம்பியது. அந்த டீல்ட்ரினும், வீட்டுக் கறையானுக்கு ஊற்றிய குளோர்டேனும் 1990களில் இங்கே தடையாயின. "அந்தக் காலத்து மருந்து, ஒரு தடவை போதும்" என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. விறகையும் தூரையும் எடுத்த பிறகு, சுவரில் உள்ள மண்கோட்டை நடுவில் ஒரு விரல் அகலம் உடைத்துவிட்டு மூன்று நாள் பாருங்கள். திரும்பக் கட்டினால் ஆள் உள்ளே இருக்கிறான். அப்போது பிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்ற, கறையானுக்கு மணம் தெரியாத ரகத்தில் ஒன்றைப் பழகிய ஆளை வைத்துப் போடலாம். அதைத் தொட்ட பூச்சி கூட்டுக்கே கொண்டு போகும். லேபலில் பதிவு இலக்கமும், கறையானுக்கு என்ற சொல்லும் தமிழில் இருக்க வேண்டும், அளவு அதில் உள்ளதுதான். தரையும் சுவரும் சேரும் வெடிப்பில் துளை போட்டுச் செலுத்தச் சொல்லுங்கள். கீழே பீலி இருந்தால் வெளிப்பக்கம் கான் வெட்டி ஊற்ற விடாதீர்கள். மாட்டை அன்றைக்கு வேறிடத்தில் கட்டுங்கள், அந்தப் பக்கத்துப் புல்லை அறுக்காதீர்கள்.

இன்னொன்று. வீட்டுப் பத்திரங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்? எங்கள் லயத்துக் காம்பராவில் தாத்தாவின் பிரசாவுரிமைக் கடதாசி தகரப்பெட்டியில், சுவரோடு ஒட்டித் தரையில் இருந்தது. தகரத்தை எப்படித் தின்னும் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அடித்தகரம் துருவிட்ட ஓட்டை வழியாகப் போய், பெயர் இருந்த பாதியைத் தின்றுவிட்டது. நம் ஆட்களில் யார் இங்கே, யார் இந்தியாவுக்கு என்று பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தப் பாதிக் கடதாசியோடு அவர் ஏறி இறங்கிய கந்தோர்கள் கொஞ்சமல்ல. பெட்டியை நாலு கல்லின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அந்த வெள்ளைப் போத்தலைக் கானில் கவிழ்க்காதீர்கள், கழுவி மண்ணெண்ணெய்க்கும் எடுக்காதீர்கள். மூடியை இறுக்கி, பூட்டிய இடத்தில் வைத்துவிட்டு, விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தோ கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பார்த்தோ என்ன செய்வதென்று கேளுங்கள். எந்தக் கடையில் வாங்கியது என்று அவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். யன்னல் தூளில் கொஞ்சத்தைத் தீப்பெட்டியில் போட்டு எனக்கு அனுப்புங்கள். விறகை நகர்த்தியாயிற்றா என்று அதோடு ஒரு வரி எழுதினால் போதும்.