ஒயில் கம்பி காலையில் ஒன்று சொல்கிறது, மாலையில் ஒன்று சொல்கிறது

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டதிலிருந்து, இந்தக் கேள்வி பதில் பகுதிக்கு வருகிற கடிதங்களின் முகமே மாறிவிட்டது. முன்பெல்லாம் இருபது வருஷத்து வேனை இன்னும் ஒரு வருஷம் எப்படி இழுப்பது என்று கேட்பார்கள். இப்போது சீட்டின் பிளாஸ்டிக்கைக்கூடக் கழற்றாத காரை வைத்துக்கொண்டு பயந்து பயந்து கேட்கிறார்கள். இந்த முறை எல்லாமே எஞ்சின் ஒயில், அதன் அளவைப் பார்க்கிற மேல்கோடு கீழ்க்கோடு போட்ட கம்பி.

கேள்வி: அண்ணா, புதுக் கார் எடுத்து இரண்டு மாதம், 1,700 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. எங்கள் வீடு தோட்டத்தில், லயத்துக்கு மேலே சரிவான பாதை ஓரம். அப்பா பழைய தோட்டத்து லொறி டிரைவர், தினமும் விடிந்ததும் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்துவிடுவார். காலையில் கீழ்க்கோட்டை ஒட்டி இருக்கிறது, மாலையில் டவுன் பெற்றோல் செட்டில் பார்த்தால் மேல்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறது. "வண்டி ஒயில் குடிக்குது" என்று அப்பா போன கிழமை அரை லீற்றர் ஊற்றிவிட்டார். கார் வாங்கிய இடத்திலோ, சேர்விஸுக்கு வரும்வரை பொனட்டையே திறக்க வேண்டாம் என்றார்கள். யார் சொல்வது சரி? வாரண்டி போய்விடுமா?
வாசகர், கொட்டகலை

பதில்: தம்பி, கம்பியைப் பார்த்த அப்பா சரி, ஊற்றிய அப்பா தப்பு. பொனட்டைத் திறக்காதே என்றவர்கள் சொன்னதை விட்டுவிடுங்கள். காரோடு வந்த மேனுவல் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், ஒயில் அளவு பார்ப்பது உரிமையாளர் தானே செய்யவேண்டிய வேலைகளோடு படம் போட்டு எழுதியிருக்கும். புத்தகமே செய்யச் சொல்கிற வேலையைச் செய்ததற்காக வாரண்டி எப்படிப் போகும்? சேர்விஸைத் தவறவிட்டாலோ, புத்தகத்தில் இல்லாத ஒயிலை ஊற்றினாலோதான் நாளைக்கு ஒரு பிரச்சினை வரும்போது பேச்சு வளரும். அப்பா ஊற்றிய கேனும் பில்லும் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

இனி காலையும் மாலையும் ஏன் வேறுபடுகிறது? வண்டி ஒயில் குடித்தால் மாலையில் அது எப்படித் திரும்பி வரும்? இந்தக் கேள்வியை அப்பாவிடம் கேட்டிருக்கலாம், ஆனால் நாற்பது வருஷம் லொறி ஓட்டினவரிடம் கேட்கிற தைரியம் எனக்கும் வந்திருக்காதுதான். விஷயம் உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. எஞ்சினுக்கு அடியில் சம்ப் என்கிற தட்டில்தான் ஒயில் தேங்கி நிற்கிறது, தட்டைச் சாய்த்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஓடுவது மாதிரி அதுவும் ஓடும். கம்பி இறங்குகிற இடம் தட்டின் நடுவிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள், கார் வெறும் 5 பாகை சரிந்து நின்றாலே அந்த இடத்தில் ஒயில் மட்டம் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் ஏறும் அல்லது இறங்கும். கம்பியில் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கிற தூரம் எவ்வளவு என்று விரலை வைத்துப் பாருங்கள், பல கார்களில் இரண்டு சென்ரிமீற்றர்கூட வராது. 5 பாகை என்பது நம்ம பக்கம் சரிவு என்றே யாரும் கணக்கில் எடுக்காத சரிவு. கார் மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நின்று, கம்பியும் எஞ்சினின் முன்பக்கத்தில் இருந்தால் ஒயில் பின்னால் ஓடிவிடும், கம்பி பொய்க் குறைவு காட்டும். காரைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள், அதே கம்பி பொய்க் கூடுதல் காட்டும்.

பெற்றோல் செட்டில் பார்த்ததுதான் உண்மைக்குக் கிட்ட. அதுவும் ஓடி வந்த உடனே பார்த்திருந்தால் மேலே ஏறிய ஒயில் முழுக்க இறங்கியிருக்காது, கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், அப்படியிருந்தும் மேல்கோட்டுக்குக் கிட்ட என்றால் சம்ப் நிறைந்தே இருந்திருக்கிறது. அதற்கு மேல் அரை லீற்றர். சின்ன எஞ்சினில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு லீற்றர்கூடப் பிடிக்காது, ஆகவே அரை லீற்றர் என்பது சும்மா இல்லை.

மலையகத்தில் மட்டமான இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. பெற்றோல் செட் தரை, தோட்டத்து ஃபெக்டரியில் லொறி நிற்கிற இடம், பள்ளிக்கூட மைதானத்து ஓரம், கோயில் வாசல், இப்படி ஒன்று கிட்டவே இருக்கும். கண்ணை நம்பாதீர்கள், மலையில் பிறந்த கண்ணுக்குச் சரிவும் மட்டமாகத்தான் தெரியும். கார் பூசைக்கு வாங்கி மிஞ்சின எலுமிச்சம்பழம் இருந்தால் அதைத் தரையில் வைத்துப் பாருங்கள், உருண்டால் அந்த இடம் வேண்டாம். முன்பின்னாக மட்டும் பார்த்தால் போதாது, பக்கவாட்டிலும் பாருங்கள். ஒரு இடம் அகப்பட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் அங்கேயே, அதே பக்கம் மூக்கை வைத்து நிறுத்துங்கள்.

எஞ்சின் சூடானதும் நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் பொறுங்கள் (உங்கள் புத்தகத்தில் வேறு நேரம் போட்டிருந்தால் அதுதான் கணக்கு). கம்பியை இழுத்து, நூல் விடாத பழைய பனியன் துணியால் துடைத்து, அடிவரை தள்ளி, மறுபடி இழுங்கள். முதலில் இழுத்ததில் தெரிகிற அளவைப் பார்க்கவே பார்க்காதீர்கள், குழாய் ஓரத்தில் உரசி எல்லா இடமும் ஒயில் பூசியிருக்கும். கம்பியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காட்டாவிட்டால் குறைவாகக் காட்டுகிற பக்கத்தை நம்புங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் நல்லதுதான், மேல்கோட்டைத் தொட்டே ஆகவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

நாளைக்கே இப்படிப் பாருங்கள். மேல்கோட்டை விட ஓரிரு மில்லிமீற்றர் கூட என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் கராஜுக்கு மெதுவாக ஓட்டிப்போய்க் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். கூடினால் என்ன, நல்லதுதானே என்பது லொறி காலத்துக் கதை. மட்டம் ஏறினால் எஞ்சினுக்குள் சுழல்கிற கிராங்க் தண்டு ஒயிலில் அடிபட்டு அதை நுரையாக்கிவிடும், நுரையை பம்ப் இழுத்தால் எஞ்சினுக்குப் போவது பாதி காற்று. எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக ஒயில், பெற்றோல் எரிகிற இடத்துக்கும் போய், புகையைச் சுத்தமாக்கப் புகைக்குழாயில் இருக்கிற கட்டலிட்டிக் கன்வேட்டரையும் கெடுக்கும், அந்தச் சாமானின் விலையை இங்கே எழுதி உங்கள் தூக்கத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

புது எஞ்சின் ஒயில் குடிக்காது என்றும் சொல்லமாட்டேன். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு படிந்து வர நாள் எடுக்கும், அதுவரை கொஞ்சம் எரியும். டொயோட்டா மேனுவல்களில் 1,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் வரை என்றுகூட எல்லை போட்டிருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் தாராளமாகவே படுகிறது, நல்ல எஞ்சின் அதில் கால்வாசிகூடக் குடிக்காது. கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது சின்ன கியரில் எஞ்சின் பிரேக்கில் வருகிறோம் இல்லையா, அப்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் கூடி ஒயிலும் கொஞ்சம் மேலே ஏறும். அதற்காக நியூட்ரலில் இறங்காதீர்கள், பிரேக் காய்ந்து போய்ச் சேர்வதை விட ஒயில் எரிவது மேல். அப்பாவிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, அவர் பார்க்கிற பார்வையைத் தினமும் வேண்டாம், இரண்டு கிழமைக்கு ஒருமுறை, கிலோமீற்றரோடு எழுதச் சொல்லுங்கள். உண்மையிலேயே இறங்கிக்கொண்டு போனால் வாரண்டிக்குள்ளேயே அந்தக் கொப்பியோடு போய்ப் பேசலாம்.

கேள்வி: நான் ஆசிரியை. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் ஹைபிரிட் கார். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 3 கிலோமீற்றர்தான். ஒயில் குறையவில்லை, கூடியிருக்கிறது! ஊற்றுகிற மூடியின் உள்பக்கம் பால்கோவா மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. எஞ்சின் போய்விட்டதா?
வாசகி, நுவரெலியா

பதில்: பயப்படாதீர்கள் டீச்சர், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், தை மாசிக் காலையில் புல்லில் உறைபனி விழுகிற ஊர். அந்தக் குளிரில் 3 கிலோமீற்றர் ஓடினால் எஞ்சின் சூடாகும் முன்னே பள்ளிக்கூட மணி அடித்துவிடும். உங்களுடையது ஹைபிரிட் வேறு, பாதித் தூரம் பற்றரியிலேயே போய்விடும். எரிந்ததில் உண்டாகிற நீராவி உள்ளே குளிர்ந்து தண்ணீராகி, ஒயிலோடு கலந்து அந்தப் பால்கோவா ஆகிறது. எரியாத பெற்றோலும் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கிச் சம்பில் சேர்கிறது. மட்டம் கூடியது அதனால்தான் இருக்கவேண்டும், கம்பியை மூக்கருகே கொண்டுபோங்கள், பெற்றோல் வாடை அடிக்கும்.

மூடியைத் துடைத்துவிட்டு, சனி ஞாயிறில் ஒருநாள் ஒரு மணித்தியாலமாவது நன்றாக ஓட்டுங்கள், ரம்பொடை வரை இறங்கித் திரும்பி ஏறினால் எஞ்சின் ஒழுங்காகச் சூடாகும், தண்ணீரும் பெற்றோலில் ஒரு பகுதியும் ஆவியாகப் போகும். அதற்குப் பிறகும் மட்டம் மேல்கோட்டுக்கு மேலேயே இருந்தால் ஒயிலை மாற்றிவிடுங்கள். உங்கள் மாதிரி ஓட்டத்தை மேனுவலில் கடுமையான பாவனை என்றுதான் சொல்வார்கள், ஒயில் மாற்றும் இடைவெளி அதற்குக் குறைவு. ஆனால் வெள்ளை மூடியில் மட்டுமில்லாமல் கம்பியிலும் இருந்து, ரேடியேட்டர் போத்தலில் தண்ணீரும் குறைந்துகொண்டு வந்தால் அது வேறு விஷயம், ஹெட் கேஸ்கட்டாக (எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு) இருக்கலாம். அப்போது ஓட்டாமல் மெக்கானிக் பாஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, ஹைபிரிட் கார்க்காரர்கள் எல்லாருக்கும்: பொனட்டைத் திறக்கும் முன் காரை முழுசாக ஓஃப் செய்யுங்கள். ரெடி வெளிச்சம் எரிகிறவரை, சத்தமில்லாமல் நிற்கிற எஞ்சின் எந்த நேரத்திலும் தானே ஸ்டார்ட் ஆகும். கை உள்ளே, சேலைத் தலைப்பு உள்ளே, யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ஏத்தத்துக்கு மொத்த ஒயில்தான் நல்லது என்று கடைக்காரர் 20டபிள்யூ-50 தருகிறார். என் புதுக் காரின் மூடியில் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. தண்ணீர் மாதிரி இருக்கிற ஒயில் நம்ம மலைக்குத் தாங்குமா?
வாசகர், பண்டாரவளை

பதில்: தாங்கும். கடைக்காரர் சொல்வது பழைய வேன்களுக்கும் தேய்ந்த எஞ்சின்களுக்கும் பொருந்திய பேச்சு, அதை அப்படியே புதுக் காருக்குப் போடக்கூடாது. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குளிரில் எவ்வளவு லேசாக ஓடும் என்பது, சின்ன எண் என்றால் வேகமாக ஓடும். பின்னால் இருப்பது சூட்டில் எவ்வளவு தடிப்பு என்பது. கொழும்பில் ஓடினாலும் அப்புத்தளையில் ஏறினாலும் தேர்மோஸ்டாட் எஞ்சின் தண்ணீரை 90 பாகை செல்சியஸுக்குக் கிட்டத்தான் வைத்திருக்கும், ஆகவே மலைக்கென்று தனி ஒயில் கிடையாது. உண்மையில் நம்ம ஊர்க் காலைக் குளிருக்கு லேசான ஒயில்தான் வேண்டும், ஸ்டார்ட் பண்ணின முதல் சில செக்கனில் மேலே வால்வுகள் வரை ஓடிப்போய்ச் சேர்வது அதுதான்.

கம்பனி ஒயில்தான் வேண்டும் என்றில்லை, மூடியில் இருக்கிற அதே எண், கேனின் பின்பக்கம் மேனுவல் கேட்கிற தரம் (ஏபிஐ என்று போட்டு வருகிற எழுத்துகள்தான் அந்தத் தரக்குறி, 2020இலிருந்து வருகிற எஸ்பி பழைய எஸ்என் கேட்கிற காருக்கும் போதும்), உடையாத சீல், இவ்வளவு இருந்தால் வேறு பிராண்டையும் கலக்கலாம். ஊற்றும்போது கால் லீற்றர், பிறகு இரண்டு நிமிஷம் பொறுத்துக் கம்பி, மறுபடி கொஞ்சம். ஒரே மூச்சில் கவிழ்க்கவேண்டாம்.

கேள்வி: ஏத்தத்தில் வளைவு திரும்பும்போது சிவப்பு ஒயில் விளக்கு மினுக்கென்று எரிந்து அணைகிறது. வீட்டுக்குப் போய் ஊற்றினால் போதுமா?
வாசகர், மஸ்கெலியா

பதில்: போதாது. அந்த விளக்கு ஒயில் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. சம்பில் ஒயில் குறைந்தால் ஏத்தத்திலும் வளைவிலும் அது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்பின் வாய் காற்றை இழுக்கும், விளக்கு மினுக்கும். மினுக்கின ஒவ்வொரு தரமும் பேரிங் ஒயில் இல்லாமல் சுற்றியிருக்கிறது. ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள், கம்பியைப் பாருங்கள், கீழ்க்கோட்டுக்குக் கீழே என்றால் அங்கேயே ஊற்றுங்கள், அதற்கென்று காரில் ஒரு லீற்றர் கேன் கிடக்கட்டும். ஊற்றின பிறகும் மினுக்கினால், அல்லது கம்பியில் அளவு சரியாக இருந்தே விளக்கு எரிந்தால், ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், கட்டி இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும். நானும் ஒருமுறை அடுத்த டவுன்தானே, நாலு கிலோமீற்றர்தானே என்று ஒரு வேனை ஓட்டினவன்தான். மூன்றாவது கிலோமீற்றரில் எஞ்சின் இறுகி நின்றது, மழையில், தேயிலை மலைக்கு நடுவே, வேனுக்குள் ஒரு கல்யாண வீட்டுச் சனம்.

கேள்வி: மாற்றி 800 கிலோமீற்றர்தான், ஒயில் கறுத்துவிட்டது. மாற்றவா?
வாசகர், பதுளை

பதில்: வேண்டாம். உள்ளே இருக்கிற கரியை அது கழுவி எடுத்துக்கொண்டிருக்கிறது. டீசல் என்றால் மாற்றின அன்றைக்கே கறுக்கும்.