கொட்டாங்குச்சி கரியை பாய்லர் புகையில வெச்சா சிஓடூ (கார்பன் டைஆக்சைடு) பிடிக்குமா?

கேள்வி: எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்காக கொட்டாங்குச்சியை பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு ஆக்டிவேட் பண்ணி (சூடு பண்ணி பொடி துளைங்க உண்டாக்கி) கரி செஞ்சிருக்கேன் சார். பிஇடி பரப்பு, அதாவது துளைகளோட உள் சுவரையும் சேத்து அளந்த பரப்பு, கிராமுக்கு 1800 சதுர மீட்டர், 25 டிகிரியில 1 பார்ல கிராமுக்கு 4 மில்லிமோல் சிஓடூ இழுக்குது. மாமாவோட டையிங் யூனிட்ல நிலக்கரி பாய்லர் இருக்கு, அந்த புகையில இதை வெக்கலாமா?

பதில்: நல்ல கரிதான் செஞ்சிருக்கீங்க தம்பி, ஆனா அந்த 4ங்கற நம்பரை நம்பி பாய்லர் பக்கம் போயிடாதீங்க. அது சுத்தமான சிஓடூவுல எடுத்தது. நிலக்கரி புகையில சிஓடூ 12-15 சதவீதம்தான், மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். உங்க ஐசோதெர்ம் கிராஃபை (எந்த அழுத்தத்துல எவ்ளோ வாயு பிடிக்குதுன்னு காட்டறது) எடுத்து, 1 பார் புகையில 15 சதவீதம்ங்கற கணக்குல 0.15 பாருக்கு நேரா ஒரு கோடு போடுங்க, இந்த மாதிரி கரிக்கு பெரும்பாலும் 1 சொச்சம்தான் வரும், புகை 40-50 டிகிரியில வந்தா அதுவும் இறங்கும். அந்த 1800ஐ பாத்தும் மயங்க வேணாம். குறைஞ்ச அழுத்தத்துல உழைக்கறது 0.8 நானோமீட்டருக்கு கீழ இருக்கற பொடி துளைங்கதான், சுத்தி இருக்கற சுவரெல்லாம் சேந்து மூலக்கூறை இழுக்கறது அங்கதான். ஹைட்ராக்சைடை அள்ளிப் போட்டு 800 டிகிரிக்கு ஏத்துனா பரப்பு ஏறும், ஆனா துளை பெருசாகி நமக்கு வேணுங்கற நம்பர் விழுந்துடும். அடுத்த பேட்ச்ல ஹைட்ராக்சைடை குறைச்சு 600-650 டிகிரியில செஞ்சு பாருங்க.

அடுத்தது தண்ணி, இந்த துறையில பாதி மெட்டீரியல் செத்துப்போறது இங்கதான். ஜியோலைட் 13எக்ஸ்ங்கற துளையுள்ள தாதுப் பொருள் காஞ்ச வாயுல உங்க கரியை தூக்கி சாப்ட்டுடும், ஆனா புகையில இருக்கற நீராவியை முதல்ல பிடிச்சுக்கும், அப்புறம் அதை விரட்ட 300 டிகிரி வரைக்கும் சூடு பண்ணணும். கரி அவ்ளோ மோசம் இல்ல, ஆனா ஈரப்பதம் பாதிக்கு மேல போனா அதுலயும் துளைக்குள்ள தண்ணி நெறைஞ்சுடும். கனடாவுல கால்கரி யூனிவர்சிட்டில ஜார்ஜ் ஷிமிசு குழு செஞ்ச கால்ஃப்-20ங்கற எம்ஓஎஃப் (உலோகத்தையும் கரிம மூலக்கூறையும் கோத்து செய்யற துளையுள்ள பொருள்) எனக்கு பிடிச்சதே இதுக்காகத்தான். துத்தநாகம், ட்ரையசோல், ஆக்சலேட்னு சாதா சரக்குல செஞ்சது, சிஓடூ இழுக்கற அளவுல ரெக்கார்ட் எல்லாம் இல்ல, ஆனா ஈரப்பதம் 40 சதவீதம் இருந்தாலும் தண்ணியை விட்டுட்டு சிஓடூவை பிடிக்கும், நீராவியை ஊதி பிடிச்ச சிஓடூவை வெளிய எடுத்துட்டு திரும்ப பயன்படுத்திக்கலாம், ஈரமான அமில வாயுவையும் தாங்குச்சு. 2021 கடைசியில பேப்பர் வந்தப்பவே அது லேப்பை தாண்டி சிமென்ட் ஃபேக்டரி புகையில ஓட ஆரம்பிச்சிருந்துச்சு.

இப்ப கணக்குக்கு வாங்க. கிராமுக்கு 1 மில்லிமோல்னா 44 மில்லிகிராம் சிஓடூ, அதாவது ஒரு டன் கரி ஒரு தடவைக்கு 44 கிலோ சிஓடூதான் பிடிக்கும். ஒரு டன் நிலக்கரி எரிஞ்சா குறைஞ்சது ஒன்றரை டன் வரும்னு வெச்சாலே 34 தடவை பிடிச்சு பிடிச்சு விடணும், அந்த 44ம் முழுசா வெளிய வராது, கொஞ்சம் உள்ளயே ஒட்டிக்கும். அதனால எவ்ளோ பிடிக்குதுங்கறதை விட, ஒவ்வொரு சுத்துலயும் எவ்ளோ பிடிச்சு எவ்ளோ விடுதுங்கறதை அளந்து எழுதுங்க. 15 சதவீதம் சிஓடூ, மிச்சம் நைட்ரஜன், ஈரத்தோட, 40 டிகிரியில ப்ரேக்த்ரூ டெஸ்ட் (கரி வழியா வாயுவை விட்டு, சிஓடூ எப்ப தாண்டி வெளிய வருதுன்னு பாக்கறது) போட்டு 50 சுத்து ஓட்டுங்க. பவுடரா வேணாம், புகையே உள்ள போகாது, பெல்லட்டா அழுத்தி ஓட்டுங்க, ஒட்ட வைக்கற பைண்டர் சேத்தா கொள்ளளவு கொஞ்சம் குறையும், அந்த குறைஞ்ச நம்பர்தான் உண்மையான நம்பர். முடிஞ்சா கந்தக டைஆக்சைடும் துளி கலந்து பாருங்க.

மாமா யூனிட்டுக்குன்னா வேற ஒண்ணு சொல்றேன். சாயக் கழிவுத்தண்ணி காரமா இருக்கும், அதை சமன் பண்ண ஆசிட் ஊத்துவாங்க. பாய்லர் புகையை தூசி கழுவி அந்த தண்ணிக்குள்ள குமிழ் விட்டா புகையில இருக்கற சிஓடூவே அந்த வேலையை செய்யும், சுத்தமா பிரிச்செடுக்கணும்னு அவசியமே இல்ல, ஆசிட் செலவும் குறையும். ஒரு ட்ரம் தண்ணியில பிஎச் மீட்டர் வெச்சு முதல்ல இதை பாத்துடுங்க.