ரப்பர் கோழி பரிசளித்த தலைமை அதிகாரி: டேவிட் நோவாக் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: யார் இந்த நோவாக்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கேஎஃப்சி, பிட்சா ஹட், டாகோ பெல் மூன்றும் சேர்ந்த யம் பிராண்ட்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி. 2016-இல் ஓய்வு பெற்றார். இப்போது தலைமைப் பண்பு சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை.

கேள்வி: எம்பிஏ படித்தவரா சார்?

இல்லை. மிசூரி பல்கலைக்கழகத்தில் இதழியலும் விளம்பரமும் படித்தவர். அப்பா அமெரிக்க அரசின் நில அளவை ஊழியர் என்பதால் குடும்பம் சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டோடு ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருந்தது. ஏழாம் வகுப்புக்குள் 23 மாநிலங்களைப் பார்த்துவிட்டார்.

கேள்வி: ரப்பர் கோழிக் கதை உண்மையா, இல்லை யாராவது கட்டிவிட்டதா?

உண்மைதான். அதன் வேர் அவர் முன்பு வேலை பார்த்த பெப்சியில் இருக்கிறது. செயின்ட் லூயிஸில் ஒரு விடிகாலைக் கூட்டத்தில், கடைகளுக்குச் சரக்குப் போடும் விற்பனையாளர்களோடு பேசிக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும், "பாப் இருக்கிறாரே, அவர்தான் இதில் கில்லாடி" என்று எல்லோரும் ஒருவரையே கைகாட்டினார்கள். அந்த பாப் அழுதுகொண்டிருந்தார். 47 வருஷம் வேலை பார்த்தவர், ஓய்வு பெற இரண்டே வாரம்தான் பாக்கி. தன்னைப் பற்றி இவர்கள் இப்படி நினைப்பது அன்றுவரை அவருக்குத் தெரியாது.

அப்புறம் கேஎஃப்சி தலைவரானதும், நன்றாக வேலை செய்தவர்களைத் தேடிப் போய் ரப்பர் கோழி ஒன்றில் பாராட்டை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். கோழியைத் தின்ன முடியாது என்று கூடவே 100 டாலர். அந்த 100 டாலரை மறந்துவிட்டுக் கோழியை மட்டும் பிடித்துக்கொள்ளும் முதலாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்!

கேள்வி: அவருக்கு யாராவது குரு உண்டா?

ஆண்ட்ரல் பியர்சன். இவரே தனிக் கதை. பெப்சிகோ தலைவராக இருந்தபோது, 1980-இல் ஃபார்ச்சூன் இதழ் அமெரிக்காவின் மிகக் கடுமையான மேலதிகாரிகள் பட்டியலில் இவரைச் சேர்த்தது. பிறகு ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியரானார். 1997-இல் பெப்சிகோ தன் உணவகங்களைத் தனி நிறுவனமாக (அதுதான் பின்னாளில் யம் பிராண்ட்ஸ்) பிரித்தபோது பியர்சன் தலைவர், நோவாக் அவருக்கு அடுத்த இடத்தில். இளையவருக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வந்த பெரியவர், அவரிடமிருந்து மனிதர்களிடம் இதமாக நடப்பதைக் கற்றுக்கொண்டார். எனக்கு இந்த ஜோடிதான் நோவாக்கை விடவும் சுவாரசியம்.

கேள்வி: சறுக்கல் எதுவும் இல்லையா?

கிரிஸ்டல் பெப்சி. 90-களின் தொடக்கத்தில் வந்த நிறமில்லாத கோலா, அவருடைய யோசனை. சுவை பெப்சி மாதிரி இல்லையே என்று பாட்டிலில் நிரப்பி விற்பவர்கள் எச்சரித்தார்கள். கேட்கவில்லை. சீக்கிரமே கடைகளிலிருந்து காணாமல் போனது. பின்னாளில் அவர் பாடம் நடத்தும்போது இதை விடாமல் சொல்வார்.

கேள்வி: அண்ணா, நான் ஒரு உணவகத்தில் மேலாளர். பத்து வருஷம் கழித்துப் பயிற்சித் துறைக்குப் போக ஆசை. எப்படி?

பத்து வருஷம் ஏன் தம்பி? நோவாக் ஓய்வுக்குப் பிறகு ஆசிரியர் ஆனவர் இல்லை. நிறுவனத்தை நடத்திக்கொண்டே ஆயிரக்கணக்கான மேலாளர்களுக்குத் தானே வகுப்பெடுத்தார். மிசூரி பல்கலையில் இப்போது அவர் பெயரில் உள்ள தலைமைப் பண்பு மையமெல்லாம் அதன் தொடர்ச்சி. கல்லூரி வேலைக்குப் பட்டம், தகுதி எல்லாம் வேண்டும், அது தனி. ஆனால் உங்கள் கிச்சனில் புதிதாகச் சேர்ந்த பையன் இருப்பான் இல்லையா? மதிய கூட்டம் ஓய்ந்ததும் அரை மணி நேரம் அவனுக்குச் சரக்குக் கணக்கு சொல்லிக்கொடுங்கள். அடுத்த மாதம் அவனே இன்னொருவனுக்குச் சொல்லித்தருகிறானா என்று பாருங்கள்.