பதில்: சாயக்கழிவு சவ்வு – பேப்பரா, பேட்டண்டா, முதலில் எது?

வணக்கம் நண்பரே. உங்கள் கிராஃபீன் ஆக்சைடு (கார்பனின் மிக மெல்லிய தகடுகள்) சவ்வு உள்ளங்கை அளவில் சாயத்தை நன்றாகப் பிரிக்கிறது, திருப்பூர் ஆலை ஒன்று முழு மாட்யூல் (சவ்வைச் சுருட்டி அடைத்த வடிகட்டி) கேட்கிறது, உங்கள் ஆய்வு வழிகாட்டியோ (கைடு) ஆய்வுக் கட்டுரையை, அதாவது பேப்பரை, உடனே அனுப்பச் சொல்கிறார், பேட்டண்டுக்கு முன் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பேப்பரைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். வெளியாகிவிட்ட விஷயத்துக்கு இங்கே காப்புரிமை வாங்குவது பெரும்பாடு. முதலில் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க அதிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு. உரிமை யாருக்கு என்பதைப் பல்கலைக்கழகத்திடம் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், அளவைப் பெரிதாக்குவது. நாங்கள் முன்பு செய்த பூச்சுக் கலவை 200 மில்லி பீக்கரில் பால் மாதிரி சீராக வந்தது. 20 லிட்டர் டிரம்மில் கலக்கினால் அடியில் திட்டுத் திட்டாகப் படிந்தது. கலக்கியின் இறக்கையை மாற்றி மாற்றிப் பார்த்தே எட்டு மாதம் போனது. ஆகவே ஒரே முடிவு மூன்று பாட்சில் தொடர்ந்து வரும்வரை ஆலைக்குத் தேதி சொல்லாதீர்கள்.

2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்ட ஊர் திருப்பூர். எத்தனை சதவீதம் பிரிக்கிறது என்பதைவிட, எத்தனை நாள் அடைக்காமல் ஓடும் என்றுதான் கேட்பார்கள். சாயம் கலந்த குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டு, உப்போடு வரும் அசல் கழிவுநீரை வாங்கி ஓட்டுங்கள். அழுத்தத்தைத் தினமும் குறித்து வையுங்கள். மாட்யூலும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் 8 அங்குல ஆர்ஓ குழாய்க்குள் பொருந்தட்டும். புது இயந்திரம் வாங்கச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

விண்ணப்பம் போட்டபின் பாய்வு அளவுகளை (சவ்வு வழியே எவ்வளவு நீர் போகிறது என்பதை) இங்கே பதியுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.