பக்கத்து வீட்டுக் கடல்

வணக்கம் ஐயா,

சனிக் கோளை ஆராயப் போன காசினி விண்கலம் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கலத்தை வேண்டுமென்றே சனிக்குள் விழவைத்து எரித்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஏன் அப்படிச் செய்தார்கள்? சும்மா சுற்றிக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டிருக்கலாமே?

இன்னொன்று, ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கேட்டது. இத்தனை கேலக்ஸி இருக்கும்போது ஏன் ஒரு பனிக்கட்டி நிலாவில் போய்க் கிருமியைத் தேடுகிறார்கள், கிருமியோடு பேசவா முடியும் என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் மகன் கேலி செய்யும் அதே பனிக்கட்டி நிலா. பெயர் என்செலடஸ்.

சனியைச் சுற்றும் இந்த நிலாவை வில்லியம் ஹெர்ஷல் 1789-இல் கண்டுபிடித்தார். குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர்தான். இவ்வளவு சின்ன உருண்டை என்றைக்கோ உள்வரை உறைந்து போயிருக்க வேண்டும் என்பதே எல்லோருடைய கணக்கும். 2005-இல் காசினி அதன் அருகே போனபோது கணக்கு பொய்த்தது. முதலில் மோப்பம் பிடித்தது கேமரா அல்ல, காந்தப்புலமானி. ஏதோ மெல்லிய காற்று வழிமறிப்பதுபோல, சனியின் காந்தப்புலம் அந்த நிலாவருகே வளைந்து போயிருந்தது. அந்தக் கருவிக்குப் பொறுப்பான மிஷல் டோஹர்ட்டியின் குழு, அடுத்த தடவை இன்னும் கிட்டே போங்கள் என்று கேட்டது. 1,000 கிலோமீட்டர் தள்ளிக் கடக்கவேண்டிய கலத்தை 173 கிலோமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வரைபடத்தில் ஒரு கோடு கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்பதற்காக, 300 கோடி டாலருக்கு மேல் செலவான ஒரு பயணத்தின் பாதையையே மாற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்!

போய்ப் பார்த்தால், தென்துருவத்தில் நான்கு நீளமான வெடிப்புகள். ஒவ்வொன்றும் 130 கிலோமீட்டர் அளவுக்கு நீளம். புலிவரிகள் என்று பெயர் வைத்தார்கள். அவற்றின் வழியாக நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குள் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தன. அந்தக் குளிரில் சூடு எங்கிருந்து வந்தது? என்செலடஸ் 33 மணி நேரத்துக்கு ஒருமுறை சனியைச் சுற்றுகிறது. டயோனி என்ற இன்னொரு நிலா இழுப்பதால் அதன் பாதை சரியான வட்டமாக அமைவதே இல்லை. அதனால் சனியின் ஈர்ப்பு அதை மாவு பிசைவதுபோல அமுக்கி அமுக்கி விடுகிறது. அந்த உரசலில் பிறக்கும் சூடுதான்.

உள்ளே கடல் இருப்பது எப்படித் தெரிந்தது என்றால், அவித்த முட்டையையும் பச்சை முட்டையையும் சுழற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்போமே, ஏறக்குறைய அந்த வித்தை. நிலா லேசாக ஆடும் அளவைக் கணக்கிட்டு, மேலோடு அடிப்பாறையோடு ஒட்டவில்லை, நடுவே முழுக்கத் தண்ணீர் என்று 2015-இல் சொன்னார்கள். அதே ஆண்டு காசினி அந்தப் பீய்ச்சலுக்குள்ளேயே, தரையிலிருந்து 49 கிலோமீட்டர் உயரத்தில் புகுந்து போனது. துளை போடாமல், இறங்காமல், இன்னொரு உலகத்தின் கடல்நீரை ருசி பார்த்தது என்றே சொல்லலாம். அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு ஹைட்ரஜன் இருந்தது. கடலடியில் வெந்நீர் பாறையோடு வினைபுரிந்தால்தான் அவ்வளவு ஹைட்ரஜன் வரும். நம் பூமியில் வெயிலே படாத கடலாழத்தில், ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் வைத்துப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அது சாப்பாடு.

இங்கே ஒரு சின்ன சிக்கலும் உண்டு. பந்தியில் சோறு மிச்சமாகக் கிடக்கிறது என்றால், சாப்பிட ஆள் வரவில்லை என்றும் சொல்லலாம், சமையல் தாராளம் என்றும் சொல்லலாம். எது என்று சொல்லும் கருவி காசினியில் இல்லை. 1997-இல் கிளம்பும்போது அங்கே ஒரு கடல் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

இப்போது உங்கள் கேள்வி. 2017-இல் காசினியின் எரிபொருள் தீரும் தறுவாயில் இருந்தது. தீர்ந்தபின் கலத்தைத் திருப்ப முடியாது. என்றாவது அது என்செலடஸ் மீது விழலாம். கலம் முழுமையாகக் கிருமிநீக்கம் செய்யப்பட்டதல்ல. மின்சாரத்துக்காக உள்ளே வைத்திருந்த புளூட்டோனியத்தின் சூடு பனியையும் உருக்கக்கூடியது. பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன ஒரு கிருமி அந்தக் கடலில் இறங்கிவிட்டால், பிறகு அங்கே எதைக் கண்டுபிடித்தாலும் அது நம்முடையதா அவர்களுடையதா என்று தெரியாது. சனியின் இன்னொரு நிலாவான டைட்டனுக்கும் இதே பயம். அதனால் செப்டம்பர் 15 அன்று சனிக்குள் செலுத்தினார்கள். கலம் எரிந்துபோனபின் அதன் கடைசி சமிக்ஞை 83 நிமிடம் கழித்து இங்கே வந்து சேர்ந்தது.

அப்புறம் மகனின் கேள்வி. கேலக்ஸிகள் இருக்கின்றன, ஆனால் பக்கத்துப் பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமீடாவே 25 லட்சம் ஒளியாண்டு தூரம். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஓடியும், ஒளி ஒரே நாளில் போகும் தூரத்தைத்தான் எட்டுகிறது. பேச ஆள் இருந்தாலும் ஒரு வணக்கம் சொல்லிப் பதில் வாங்க 50 லட்சம் ஆண்டு.

கிருமியோடு பேச முடியாதுதான். ஆனால் அது பேச்சை விடப் பெரிய ஒன்றைச் சொல்லும் என்பது என் எண்ணம். செவ்வாயில் உயிர் கிடைத்தால்கூட, அங்கிருந்து பெயர்ந்த கற்கள் பூமியில் விழுந்திருப்பதால், அது நம் தூரத்துச் சொந்தமோ என்ற சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். என்செலடஸ் வெகுதொலைவு. அங்கே கிடைத்தால் அது பெரும்பாலும் தனியாகப் பிறந்த உயிர். ஒரே சூரியனைச் சுற்றி இரண்டு தடவை நடந்தது என்றால், அத்தனை கேலக்ஸிகளிலும் நடக்காமல் இருக்குமா? அவன் கேட்ட பெரிய கேள்விக்கே அந்தக் கிருமி பதில் சொல்லிவிடும்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் என்செலடஸுக்கு ஒரு கலத்தை 2040-களில் அனுப்ப யோசித்துவருகிறது. போய்ச் சேர 2050-களாகிவிடும். அப்போது உங்கள் மகனுக்கு நாற்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.