ஒற்றைக்கால் சிப்பாயின் மனு

அன்புள்ள சார்,

லண்டனின் செல்சி பகுதி விடுதியில் வாழும் சிவப்புக் கோட்டுப் போட்ட முதிய படைவீரர்களைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அந்த விடுதிக்கு 1692இல்தான் ஆட்களைச் சேர்த்தார்களாம். அதுவரை போரில் கை கால் போனவர்கள் பிச்சைதான் எடுத்தார்களா?

கே.

அன்புள்ள கே.,

பலர் எடுத்தார்கள். ஆனால் சட்டம் அதற்கு நூறு வருடம் முன்பே, 1593இல், எலிசபெத் ராணி காலத்திலேயே வந்துவிட்டது. எல்லாம் கருணை என்று நினைக்காதீர்கள். 1589இல் போர்ச்சுகல் படையெடுப்பு முடிந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் லண்டனில் ரகளை செய்ய, சிலரைத் தூக்கில் போட்டார்கள். அந்தப் பயமும் சேர்ந்துதான்.

ஒவ்வொரு பாரிஷும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) வாராவாரம் சில பென்னி வரி கட்டும், கவுண்டிப் (மாவட்டம் மாதிரி) பொருளாளர் அதிலிருந்து ஊனமான சிப்பாய்க்குப் பென்ஷன் கொடுப்பார். சாதாரண சிப்பாய்க்கு உச்சவரம்பு வருடத்துக்கு 10 பவுண்டு, கைக்கு வந்தது பெரும்பாலும் அதைவிட ரொம்பக் குறைவு. பென்ஷன்காரர் பிச்சை எடுத்துப் பிடிபட்டால் பென்ஷன் போச்சு, கூடவே போக்கிரி என்ற பட்டமும்.

வாங்குவது அதைவிடப் பாடு. எந்தக் கவுண்டியிலிருந்து படைக்குப் பிடித்துப் போனார்களோ அங்கேயே போய்க் கேட்க வேண்டும், தளபதி கொடுத்த சான்றிதழும் வேண்டும் (தளபதியே களத்தில் செத்திருந்தால்?). மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் நீதிபதிகள் முன்னால் மனு வைக்க வேண்டும். மனு போடுபவருக்குப் பெரும்பாலும் எழுதத் தெரியாது. எந்தச் சண்டையில் எங்கே குண்டு பாய்ந்தது என்று அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் பணிவான நடையில் எழுத, கடைசியில் இவர் ஒரு கீறல் போடுவார். நிதி அளவானது என்பதால் சிலர், இன்ன பென்ஷன்காரர் இறந்துவிட்டார், அவர் இடத்தை எனக்குத் தாருங்கள் என்றே கேட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அப்புறம் ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். கடைசியில் ராஜா தோற்று மன்னராட்சியே போனது. போர் தொடங்கிய 1642இலேயே நாடாளுமன்றம் தன் பக்கச் சிப்பாய்களோடு விதவைகளையும் அநாதைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. இதுதான் பெரிய மாற்றம் என்பேன். ஆனால் 1660இல் மன்னராட்சி திரும்பி வந்ததும் நாடாளுமன்றத்துக்காகக் காலை இழந்தவருக்குப் பெரும்பாலான இடங்களில் பணம் நின்றுபோனது. 1662 சட்டம் ராஜாவுக்காகக் காலை இழந்தவருக்கு. அவரும் புண்களை வரிசையாகச் சொன்னால் மட்டும் போதாது, ஒருநாளும் ராஜாவின் படையை விட்டு ஓடவில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.