பாஸ்டர் வீட்டு அரிசிப் பானை

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எங்கள் ஊர் மண்டபம் பக்கம். சபையில் இருபத்திரண்டு குடும்பம்தான், பாதிப்பேர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள். பாஸ்டர் ஐயா வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வந்து ஜெபிப்பார். இப்போது மூன்று மாசமாக ஆளே சரியில்லை. போன ஞாயிறு ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். விசுவாசம் குறைந்துபோச்சு, வேறு ஆளைப் பார்க்கலாம் என்று சிலர் பேசுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
- பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்: வேறு ஆளைப் பார்க்கிற பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள் தங்கச்சி. ஒன்பது வருஷமாக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வருகிற மனுஷர் கடைசியாக எப்போது விடிய விடியத் தூங்கினார் என்று உங்களில் யாராவது கேட்டீர்களா?

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழே படுத்து, செத்தால் போதும் என்று சொன்ன இடத்தை வேதத்தில் எடுத்து வாசியுங்கள், 1 இராஜாக்கள் 19. வந்த தூதன் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான், திரும்பத் தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பிடச் சொன்னான், அவ்வளவுதான். பேச்செல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான்.

இன்னொன்று. கடிதத்தில் மே மாசத் தேதி போட்டிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, காணிக்கைப் பையும் மெலிந்துதான் இருக்கும். மீனவக் குடும்பத்துக்குத் தடைக்கால நிவாரணம் உண்டு, 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்கினார்கள். பாஸ்டருக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் கிடையாது. அவரும் வாயைத் திறந்து கேட்கமாட்டார், பிரசங்க மேடையில் நின்று "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அரிசி இல்லை என்று யாரிடம் சொல்வது?

இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். தொண்டி பக்கம் ஒரு சின்ன சபையில் இருந்தபோது ஒரு தடைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் கஞ்சியும் துவையலும்தான். கடல்பாசி எடுக்கப் போகிற ஒரு அக்கா, ஜெபக்குறிப்பு சொல்ல வந்தவர், தண்ணீர் குடிக்க நேராக அடுப்படிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ஜெபக்குறிப்பை மறந்துவிட்டார், எனக்குத் திட்டுதான் விழுந்தது. மறுநாள் பாசிக்குப் போய்த் திரும்பிய கையோடு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய ஈரத்துணிகூட அவிழ்க்காமல், ஒரு பை அரிசியைத் திண்ணையில் வைத்தார். நான் கூச்சப்பட்டு நெளிந்தேன். "எங்க வீட்டுக்காரரு கரை திரும்பாத ராத்திரி நீங்க விடியிறவரைக்கும் கடக்கரையில எங்களோட உக்காந்திருந்தீங்களே, அப்ப நான் கூச்சப்பட்டேனா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் உங்கள் சபையிலும் இரண்டு பெண்கள் போகட்டும், ஞாயிறு வேண்டாம், கிழமை நாளில். பாஸ்டரம்மாவிடம் பேசுங்கள், உண்மை அங்கேதான் கிடைக்கும். வாரத்தில் ஒரு நாள் அவரை யாரும் கூப்பிடக் கூடாது என்று வையுங்கள். அன்றைக்கு வியாதி, சண்டை எதுவென்றாலும் மூப்பர்கள் போகட்டும், மோசேக்கு அவன் மாமன் எத்திரோ சொன்ன யோசனைதான் இது, இருபத்திரண்டு குடும்பத்துக்கு இரண்டு பேர் தாராளம். பணத்துக்கு, கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் மீன் விற்ற காசில் கோயிலுக்கு ஒரு பங்கு எடுத்துவைக்கிற வழக்கம் பழையது. தடை முடிந்து மீன்பாடு நன்றாக இருக்கும்போது நீங்களும் அப்படி எடுத்து, அடுத்த ஏப்ரலுக்கென்று தனியாகப் போட்டுவையுங்கள். அப்புறம், மூன்று மாசம் என்கிறீர்கள், அது சோர்வு மட்டும்தானா என்று தெரிய வேண்டாமா? சுகர், பிரஷர் பார்க்க ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு யாராவது கூடவே போங்கள், தூக்கம் வரவில்லை என்றால் மனநல டாக்டரிடமும் காட்டுங்கள். தனியாக அனுப்பினால் போகமாட்டார்.

கேள்வி: நான் சாயல்குடி பக்கம் ஊழியம் செய்கிறேன். பனையேறுகிற குடும்பங்கள் கருப்பட்டி கொண்டுவந்து தருகிறார்கள். அவர்களே கஷ்டத்தில் இருக்கிறார்கள், வாங்க மனசு வரவில்லை. வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது.
- ஒரு போதகர்

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. காசாக வருவதற்கு மட்டும் ரசீது போடுங்கள், கருப்பட்டிக்குப் போட்டால் அடிக்க வருவார்கள். அதிலேயே காப்பி போட்டு, கொண்டுவந்தவருக்கு முதல் டம்ளரைக் கொடுத்து உட்காரவையுங்கள். பனை ஓய்ந்த பிறகு என்ன வேலைக்குப் போகிறார், வட்டிக்கு எங்கே வாங்கியிருக்கிறார் என்று அந்தக் காப்பி ஆறுவதற்குள் மெதுவாகக் கேளுங்கள்.